நோபிட்டாவைப் படிக்க வைக்காதீர்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் அங்கன்வாடிச் சுவர், நர்சரிச் சுவர் என்றாலே சோட்டா பீமுக்குப் பக்கத்தில் ஜப்பானியக் கார்ட்டூனில் வரும் டோரேமானும் அவன் தோழன் நோபிட்டாவும் வந்துவிடுவார்கள். வரட்டும். ஆனால் நோபிட்டா கையில் புத்தகத்தைக் கொடுத்து, நிமிர்ந்து நிற்கவைத்து, கீழே "நன்றாகப் படி" என்று எழுதுகிறார்களே, அது நோபிட்டாவே இல்லை. அவன் அம்மா ஆசைப்படும் பிள்ளை அது.

பரீட்சையில் முட்டை வாங்குபவன், படுத்த 0.93 வினாடியில் தூங்கிவிடுபவன். குறி பார்த்துச் சுடுவதிலும் விரல்களில் நூலை மாட்டி உருவம் செய்வதிலும் அவனை அடிக்க ஆளில்லை. பிள்ளைகளுக்கு அவனைப் பிடிப்பதே இதனால்தான். தரையில் போட்டு உட்காரும் தட்டை மெத்தையை இரண்டாக மடித்துத் தலைக்கு வைத்து அவன் படுத்திருப்பதை வரையுங்கள்.

சுவருக்கும் அதுதான் தோது. ஜன்னலுக்குக் கீழே 3 அடிச் சுவர்தான் இருக்கும். நிற்கும் படத்தைத் திணித்தால் பையன் குள்ளமாகிவிடுவான். அடியில் 1 அடியை அடர்நிறப் பட்டையாக விட்டுவிடுங்கள். கடலோரத்தில் தரையீரம் ஏறி முதலில் உப்புப் பூப்பது அங்கேதான். மீதி 2 அடியில் படம். தாளில் 4 அங்குல உயரம், 10 அங்குல நீளத்துக்குப் படம் எடுத்து 1 அங்குலக் கட்டம் போடுங்கள். சுவரில் அதே கட்டம் 6 அங்குலம். கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைந்தால் 5 அடி நீளத்துக்குப் பையன் நிம்மதியாகப் படுத்திருப்பான்.

கெட்டுப்போவது முகத்தில்தான். மொத்த உயரத்தில் கால் பங்குக்கு மேல் தலையே. அதைச் சின்னதாக்கினால் கண்ணாடி போட்ட குமாஸ்தா வந்துவிடுவார். கண்ணாடியின் இரண்டு வட்டமும் நடுவில் ஏறக்குறைய ஒட்டியே இருக்கும். நிஜக் கண்ணாடிபோல இடைவெளி விடாதீர்கள். விழித்திருப்பதாக வரைந்தால் கண்ணுக்கு ஒரு கரும்புள்ளி போதும். இமை மயிர், கன்னத்தில் நிழல் எதுவும் வேண்டாம். (கண்ணாடியைக் கழற்றினால் அவன் கண் 3 என்ற எண் மாதிரி ஆகிவிடும், அது தனி வேடிக்கை.)

அடுத்து சட்டை. மஞ்சள் சட்டை, வெள்ளைக் காலர், நீல அரைக்கால் சட்டை. புதுச்சேரியில் சுவரே மஞ்சளாக இருந்தால் சட்டை காணாமல் போகும். பின்னால் வெளிர்நீலம் அடித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பெயிண்டுக்கு மறைக்கும் சக்தி குறைவு. அடியில் வெள்ளை ஒரு கோட், மேலே மஞ்சள் இரண்டு, தேவைப்பட்டால் மூன்று. இதைச் செய்யாமல் நேரே அடித்தால் அழுக்குப் பச்சையாகத் தெரியும்.

சுண்ணாம்பு அடித்த சுவரென்றால் பொடி உதிர்வது நிற்கும்வரை சுரண்டி, கழுவி, காயவிட்டு, எக்ஸ்டீரியர் பிரைமர் (வெளிச்சுவர் அடிப்பூச்சு) அடித்த பிறகுதான் எமல்ஷன் (தண்ணீர் கலக்கும் பெயிண்ட்). புதுப் பூச்சுக்கு 28 நாள் பொறுக்க வேண்டும். கறுப்பு ஓரக்கோடு வரைய எனாமல் (எண்ணெய்ப் பெயிண்ட்) எடுப்பவர்கள் அதிகம், பளபளப்புக்காக. ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்பளித்து உரிந்து வருவது அந்தக் கோடுதான். கோட்டுக்கும் எமல்ஷனே போதும், எல்லா நிறமும் காய்ந்த பிறகு கடைசியாக, ஒரே தடிமனில்.

அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பொங்கல் கழிந்து சுவர் உலர்ந்ததும் தொடங்கலாம். மே மாதம்தான் வசதிப்படும் என்றால் காலை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் பிரஷ் இழுத்த தடம் அப்படியே நின்றுவிடும்.