ஒசுமியின் 1993 கட்டுரை ஞாபகம் வந்தது

ஒரு செல் உயிரியலாளரைப் பற்றி நீங்கள் எழுதிய அறிமுகத்தில், அவர் எத்தனை ஆய்வுக்கட்டுரை எழுதினார், எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், எச்-இன்டெக்ஸ் (தலா 20 மேற்கோளாவது பெற்ற 20 கட்டுரை இருந்தால் 20) எவ்வளவு என்பதை வைத்தே அவரை எடை போட்டிருக்கிறீர்கள். படித்ததும் ஜப்பானின் செல் உயிரியலாளர் யோஷினோரி ஒசுமிதான் ஞாபகத்துக்கு வந்தார்.

1988இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வகம் தொடங்கியபோது அவருக்கு வயது 43. ஈஸ்ட் செல்லின் வாக்குவோலை (செல்லுக்குள் இருக்கும் பை போன்ற உறுப்பு) வெறும் குப்பைத்தொட்டி என்று பலர் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டை எடுத்துப் பட்டினி போட்டார். அப்புறம் ஒளி நுண்ணோக்கியில் பார்த்தால், சில மணி நேரத்திலேயே வாக்குவோல் முழுக்கக் குட்டிக் குட்டி உருண்டைகள், உள்ளே துள்ளிக்கொண்டிருந்தன! சிதைக்க நொதி இல்லாததால் அங்கேயே தேங்கிப்போன, செல்லின் சொந்தப் பகுதிகள் அவை. செல் தன்னையே தின்று செரிக்கும் ஆட்டோஃபேஜி அப்படித்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

அதற்குத் தேவையான 15 மரபணுக்களை அடையாளம் காட்டிய கட்டுரை 1993இல் ஃபெப்ஸ் லெட்டர்ஸ் இதழில் வந்தது. ‘நேச்சர்’, ‘செல்’ போன்ற பெரிய பெயர் பெற்ற இதழ் அல்ல. துறையே சின்னது, மேற்கோள் காட்ட ஆள் வேண்டாமா? 2016இல் நோபல் பரிசு அவர் ஒருவருக்கே கிடைத்தது.

எச்-இன்டெக்ஸ் கணக்கில் ஒரு கட்டுரையைப் பத்தாயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் அது ஒன்றுதான். இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை (அதில் வரும் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்) வைத்து ஆளை அளக்காதீர்கள் என்ற டோரா பிரகடனமும் 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த செல் உயிரியலாளர்கள் கூட்டத்தில்தான் உருவெடுத்தது.

சரி, உங்கள் ஆய்வாளர் நுண்ணோக்கியில் என்ன கண்டார்? அதையும் இரண்டு பத்தி எழுதுங்கள்.