தி ஹேக்கில் வாதாட இந்திய வழக்கறிஞருக்குத் தடை இல்லை

“ரோம் சட்டத்தில் இந்தியா சேரவில்லை, அதனால் நம் ஊர் வக்கீல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் வாதாட முடியாது” என்று குமரி மாவட்டச் சட்ட மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் உள்ள இந்த நீதிமன்றத்தை உருவாக்கிய உடன்படிக்கைதான் ரோம் சட்டம். செய்தியின் முதல் பாதி உண்மை, முடிவு தவறு.

உறுப்பு நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீதிபதிகளுக்குத்தான். அங்கு வாதாட நீதிமன்றம் வைத்திருக்கும் வழக்கறிஞர் பட்டியலில் சேர வேண்டும்; அதற்கு நாடு தடையில்லை. குற்றவியல் வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவம், சர்வதேசச் சட்டத்திலோ குற்றவியல் சட்டத்திலோ தேர்ச்சி, ஆங்கிலம் அல்லது பிரெஞ்சில் சரளம் வேண்டும். நாகர்கோவிலிலோ குழித்துறையிலோ நடத்திய செஷன்ஸ் வழக்குகளும் அனுபவம்தான். உதவி வழக்கறிஞர் பட்டியலுக்கு 5 ஆண்டு போதும்.

சறுக்குவது காகிதத்தில். வழக்கறிஞராகப் பதிவு செய்த என்ரோல்மென்ட் சான்றிதழ் மட்டும் போதாது. தொழில் செய்யும் உரிமை இப்போதும் உண்டா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று பார் கவுன்சில் தனியாக எழுதித் தர வேண்டும். குற்றத் தண்டனை குறித்த அரசுச் சான்றும் தேவை. பட்டியலில் பெயர் வந்தாலே வழக்கு வந்துவிடாது. வழக்கறிஞரைத் தேர்வது குற்றம்சாட்டப்பட்டவர்.

அதே செய்தி, 2012-இல் இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில் குமரி மீனவர் உட்பட இருவர் இறந்த வழக்கையும் இந்த நீதிமன்றத்தின் கணக்கில் எழுதுகிறது. இரண்டுக்கும் ஊர் தி ஹேக்தான், மன்றம் வேறு: கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் அதை விசாரித்தது ஒரு நடுவர் தீர்ப்பாயம்.