சத்தத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம்

சங்ககிரியில் பழைய ட்ரெய்லர் வாங்கி, அது லாரியோடு சரியாக மாட்டியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது எனக் கேட்ட தம்பிக்கு, "டக்குனு சத்தம் வந்தா மாட்டியாச்சு, கிளம்பலாம்" என்று ஒருத்தர் பதில் சொல்லியிருக்கிறார். அது தவறுங்க. ட்ரெய்லரின் முன்பக்கம் உயரமாக நின்றால் கிங்பின் (ட்ரெய்லரின் அடியில் இருக்கும் இணைப்பு முளை) சரியாக உட்காராமலே, அதைப் பிடிக்கும் லாரியின் தாடை மூடிக்கொள்ளலாம், சத்தமும் வரும். டார்ச் அடித்து அடியில் பாருங்க தம்பி. ஃபிப்த் வீல் தகட்டுக்கும் (ட்ரெய்லரைத் தாங்கும் லாரியின் இணைப்புத் தகடு) ட்ரெய்லருக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. தாடை கிங்பின்னின் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். அப்புறம், ட்ரெய்லரைத் தாங்கி நிற்கும் கால்களைத் தூக்கும் முன்பே ட்ரெய்லர் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் மெதுவாக முன்னால் இழுத்துப் பாருங்க.

பழைய வண்டி என்பதால் கிங்பின் தேய்மானமும் முக்கியம். 2 அங்குல பின்னின் கழுத்து விட்டம் புதிதில் 50.8 மி.மீ. அது 49-க்குக் கீழே போயிருந்தால் மாற்றியே ஆகணும். தொப்பூர் மலைச்சாலை இறக்கத்துக்கு லோடு ஏற்றும் முன் இதை அளந்துவிடுங்க.