அரசு ஜிபியு வாங்கட்டும், ஆனால் ஆயிரக்கணக்கில் வேண்டாம்

தென்னாப்பிரிக்க அரசு ஏஐக்காகச் சொந்தக் கணினி வசதி அமைக்க வேண்டுமா என்ற பேச்சு வந்தாலே, அடுத்த கேள்வி "எத்தனை ஜிபியு?" என்பதாகத்தான் இருக்கிறது. ஜிபியு என்பது ஏஐ கணக்குகளை வேகமாகப் போடும் சிப்; கார்டு என்று நான் சொல்வதும் அதைத்தான். அமைக்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் முதல் கட்டத்துக்கு 64 கார்டு போதும். மிச்சப் பணம் மின்சாரத்துக்கும் ஆட்களுக்கும் மொழித் தரவுக்கும் போகட்டும்.

64 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 700 கோடி பாராமீட்டர் (மாடல் கற்றுக்கொள்ளும் எண்கள்) உள்ள ஒரு மாடலை, ஒரு லட்சம் கோடி டோக்கன் (சொல் அல்லது சொல்லின் துண்டு) கொடுத்து அடியிலிருந்து பயிற்றுவிப்பதாக வைத்துக்கொள்வோம். பாராமீட்டரையும் டோக்கனையும் பெருக்கி, அதை 6 மடங்காக்குவது, மொத்தம் எத்தனை கணக்குச் செய்கை தேவை என்பதற்கு இந்தத் துறையில் எல்லோரும் போடும் தோராயக் கணக்கு. என்விடியா நிறுவனத்தின் எச்100 கார்டு ஒன்று நடைமுறையில் 400 டெராஃப்ளாப் (நொடிக்கு 400 லட்சம் கோடி செய்கை) வேகம் தருகிறது என்றால், மொத்தம் சுமார் 29,000 ஜிபியு மணி ஆகும், அதாவது ஒரே கார்டு அத்தனை மணி நேரம் ஓட வேண்டும். 64 கார்டில் 19 நாள். 1,000 கார்டில் 29 மணி நேரம். அந்த 19 நாளைக் குறைக்க பல கோடி ரேண்ட் (இந்நாட்டு நாணயம்) செலவழிக்கும் அவசரம் இங்கே எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இல்லை. அதோடு இந்நாட்டு மொழிகளான ஜூலுவிலும் கோசாவிலும் லட்சம் கோடி டோக்கன் அளவுக்கு எழுத்தே கிடையாது. பெரும்பாலான வேலை, ஏற்கெனவே உள்ள திறந்த மாடலை நம் மொழிக்குப் பழக்குவதுதான். அதற்கு 8 கார்டு உள்ள ஒரே சர்வர் போதும்.

பெரிதாக வாங்கினால் என்ன நஷ்டம்? 8 கார்டு சர்வர் ஒன்று 3 லட்சம் டாலர், டாலருக்கு 18 ரேண்ட் என்று வைத்தால், 1,000 கார்டுக்கு 67.5 கோடி ரேண்ட். ஐந்து வருடத்தில் அது பழசாகிவிடும். இரவு பகலாக ஓடினால் ஒரு கார்டுக்கு மணிக்கு 15 ரேண்ட் முதலீட்டுச் செலவு விழும். 30 சதவீத நேரம்தான் ஓடியது என்றால் அதுவே 51 ரேண்ட். வேலை இல்லாமல் கார்டு சும்மா கிடப்பதுதான் பெரிய இழப்பு. இந்தியாவில் 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாய் ஒதுக்கிய ஏஐ திட்டத்தில், தனியார் தரவு மையங்களின் ஜிபியு நேரத்துக்கு 40 சதவீதம் வரை மானியம் தரும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். நாமும் அந்த வழியைப் பார்க்கலாம். கஸாவா டெக்னாலஜீஸ் நிறுவனம் 2025 மார்ச்சில் என்விடியாவோடு சேர்ந்து இங்கே "ஏஐ தொழிற்சாலை", அதாவது ஜிபியு நிறைந்த தரவு மையம், அமைப்பதாக அறிவித்தது. அவசரமாக அதிகம் தேவைப்படும் வாரங்களில் அப்படிப்பட்ட இடத்தில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இனி மின்சாரமும் சூடும். பெரும்பாலான திட்ட அறிக்கைகள் கோட்டை விடுவது இங்கேதான். 8 கார்டு எச்100 சர்வர் ஒன்று அதிகபட்சம் 10.2 கிலோவாட் இழுக்கும். சாதாரண சர்வர் அறையில் ஒரு முழு ரேக்குக்கே (சர்வர்களை அடுக்கும் அலமாரி) 5 முதல் 10 கிலோவாட்தான் கணக்கிட்டிருப்பார்கள். அதில் இரண்டு சர்வரை ஏற்றினால் வயரிங்கும் தாங்காது, ஏசியும் தாங்காது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். அங்கே காற்று மெலிசு, அதே ஃபேன் குறைவான சூட்டைத்தான் அள்ளிச் செல்லும். 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும், உள்ளே போகும் காற்றின் அனுமதி வெப்பநிலையில் 1 டிகிரி குறைக்க வேண்டும் என்பது துறை விதி. டீசல் ஜெனரேட்டரின் திறனும் அந்த உயரத்தில் குறையும். டர்பனில் உயரம் பிரச்சினை இல்லை, ஈரப்பதம்தான் பிரச்சினை. கேப் டவுனில் 2018ல் குழாயே வற்றும் நிலை வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அங்கே நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறையை நான் ஏற்க மாட்டேன். மூடிய குழாயில் அதே நீர் சுற்றும் முறை வேண்டும்.

லோட் ஷெட்டிங், அதாவது முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு, இப்போது குறைந்திருக்கலாம். ஆனால் 2023 மாதிரி ஒரு வருடம் திரும்பி வராது என்று நம்பி ஐந்து வருடத் திட்டம் போட முடியாது. யுபிஎஸ்ஸில் சர்வரை மட்டும் இணைத்து, குளிர்விக்கும் இயந்திரத்தை விட்டுவிடுவது வழக்கமான தவறு. கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடித்த பிறகும் கம்ப்ரசர் மறுபடி ஓடச் சில நிமிடம் ஆகும். அதற்குள் நான்கு சர்வர் ஏற்றிய 40 கிலோவாட் ரேக் கொதித்துவிடும். கார்டு தானாக வேகத்தைக் குறைக்கும், பிறகு அணைந்துவிடும். ஒரு கார்டு நின்றால் அந்தப் பயிற்சியில் உள்ள மற்ற 63ம் காத்து நிற்கும். ஆகவே குளிர்நீர் பம்ப்பும் யுபிஎஸ்ஸில் வர வேண்டும், ஒரு குளிர்நீர்த் தொட்டியும் வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை செக்பாயிண்ட், அதாவது அதுவரை நடந்த பயிற்சியின் நகல், எழுத வேண்டும். மேலே சொன்ன மாடலுக்கு ஒவ்வொன்றும் சுமார் 100 ஜிபி என்பதால், வேகமான சேமிப்பகத்துக்கும் அதே பட்ஜெட்டில் இடம் வேண்டும்.

கார்டும் பழுதாகும். மெட்டா 16,384 எச்100 கார்டில் லாமா 3 மாடலைப் பயிற்றுவித்த 54 நாளில் எதிர்பாராமல் நின்றது 419 முறை. அதே விகிதம் 64 கார்டுக்கு என்றால் மாதம் ஒருமுறை. சமாளிக்கலாம், ஆனால் மாற்றுக் கேபிள், டிரான்ஸீவர் (கேபிள் முனையில் சிக்னலை மாற்றும் பாகம்), பவர் சப்ளை எல்லாம் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பாகம் வரும் வரை காத்திருந்தால் வாரக்கணக்கில் போய்விடும்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் அனுபவம் கேப் டவுனில் உள்ள தேசிய உயர்திறன் கணினி மையமான சிஎச்பிசியில் இருக்கிறது. 2016ல் லெங்காவு என்ற சூப்பர் கணினி வந்தது அங்கேதான். புது ஊரில் புதுக் கட்டடம் தேடாமல் அவர்களோடு சேர்த்துக் கட்டுவதே புத்திசாலித்தனம்.

தரவைப் பற்றி, இங்குள்ள தமிழரான நமக்குச் சம்பந்தமானது ஒன்று. "வணக்கம்" என்ற சொல், புள்ளிகளையும் தனியாக எண்ணினால், ஏழு எழுத்துக்குறி; கணினிக்குள் அது 21 பைட். அதே ஏழு எழுத்துக்குறி ஆங்கிலத்தில் 7 பைட். ஆங்கிலத்துக்குச் செய்த டோக்கனைசர் (எழுத்தை டோக்கனாக வெட்டும் மென்பொருள்) தமிழைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். ஜூலு ரோமன் எழுத்தில் இருந்தாலும் கதி அதேதான், ஏனென்றால் அதுவும் நம் தமிழ் போல ஒட்டிக்கொண்டே போகும் மொழி. "நான் உன்னைப் பார்க்கவில்லை" என்பது ஜூலுவில் "அங்கிகுபோனங்கா" என்ற ஒரே சொல். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதிப்பும் வளர்ச்சியும் பெற வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த், டொங்காட் தமிழ்ப் பள்ளிகளின் பழைய பாடநூல்களையும், கோயில்களின் கையெழுத்துக் குறிப்பேடுகளையும் ஸ்கேன் செய்து எழுத்தாக்க ஒரு ஜிபியுவும் நான்கு பேரும் போதும். அந்தக் காகிதங்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன.

டெண்டரில் ஒரே ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்லி அமைச்சகத்துக்கு எழுதுங்கள்: எத்தனை கார்டு எத்தனை மணி நேரம் யாருக்காக ஓடியது என்ற கணக்கு மாதந்தோறும் பொதுவில் வர வேண்டும்.