வெள்ளைப் புகை செம்பின் புகை இல்லை

கல்முனைப் பக்கத்துப் பழைய வார்ப்புப் பட்டறையின் கதையை வாசித்தேன். நல்லது, ஒரு திருத்தம் மட்டும். உலோகம் உருக்கும் மூசையிலிருந்து கிளம்பிய வெள்ளைப் புகை செம்பு எரிந்து வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பித்தளைக்காகச் செம்போடு சேர்க்கும் துத்தநாகம். செம்பு உருக 1085 பாகை செல்சியஸ் வேண்டும், துத்தநாகமோ 907இலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதனால்தான் செம்பை முதலில் உருக்கிவிட்டு, துத்தநாகத்தைக் கடைசியில் உள்ளே அமிழ்த்தி, மேலே கரித்தூள் போட்டு மூடுவார்கள். அப்படியும் கொஞ்சம் தப்பிப் போகும்.

என் அம்மப்பா அப்படியொரு பட்டறையில் துருத்தி இழுத்தவர். பித்தளை வார்த்த நாளில் பொழுதுபட்டால் நடுக்கமும் காய்ச்சலும் வரும், விடிய எழும்பினால் ஒன்றும் இருக்காது. பேய்க்காய்ச்சல் என்று அம்மம்மா தண்ணீர் ஓதி வாங்கி வருவாவாம்! எல்லாம் அந்தப் புகை செய்த வேலை.

மாரியில் பட்டறை ஏன் மூடிக் கிடந்தது என்பதையும் சேர்த்திருக்கலாம். வியாபாரம் படுத்ததால் மட்டும் இல்லை. மண் அச்சில் ஈரம் இருந்தால், உருகிய உலோகம் பட்டதும் நீராவி வெடித்துச் சிதறும். அம்மப்பாவின் இடது முழங்கையில் காசளவு தழும்புகள் மூன்று இருந்தன. சின்ன வயதில் அவற்றை எண்ணிப் பார்ப்பதுதான் எனக்கு விளையாட்டு.

சரி, அந்தப் பட்டறையில் வார்த்த குத்துவிளக்கு யார் வீட்டிலாவது இருந்தால் அடிப்பாகத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.