ஹிப்போகிரட்டிஸ் பார்க்காத ஊர்

கிரேக்கத் தீவான கோஸில் இறங்கும் பயணிகளில் பாதிப் பேர் நேராகப் போய் நிற்பது ஒரு மரத்தடியில். கோட்டைக்கு அருகே, இரும்புக் கம்பிகள் முட்டுக்கொடுத்துத் தாங்கும் கிழட்டுப் பிளேன் மரம். மருத்துவத்தின் தந்தை ஹிப்போகிரட்டிஸ் இதன் நிழலில்தான் பாடம் நடத்தினாராம். படம் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு.

மரத்துக்கு வயது சுமார் 500 இருக்கும். ஹிப்போகிரட்டிஸ் பிறந்தது கி.மு. 460 வாக்கில். பழைய மரத்தின் வாரிசு என்று சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள். மரத்தை விடுங்கள், ஊரே அவருடையது அல்ல. இன்றைய கோஸ் நகரம் நிறுவப்பட்டது கி.மு. 366-ல். அவரோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார் என்பதுதான் பொதுவான கணக்கு. நான்கு கிலோமீட்டர் தள்ளி மலைச்சரிவில் இருக்கும் அஸ்க்லெபியோன் என்ற மருத்துவக் கோயிலும் அவருக்குப் பிந்தியதே. அருங்காட்சியகத்தில் அவருடையது என்று காட்டப்படும் சிலை அவர்தானா என்பதிலும் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. இல்லாத மனிதரைத் தேடி வந்தவர்கள், இருக்கும் ஊரைப் பார்க்காமல் போகிறார்கள்.

அந்த ஊர் வெளியே வந்த கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 1933 ஏப்ரலில் பெரிய நிலநடுக்கம். புனித யோவான் வீரர்கள் என்ற இடைக்காலக் கிறிஸ்தவப் படையினர் எழுப்பிய மதிலுக்குள் நெருக்கமாக இருந்த வீடுகள் சரிந்தன, பலர் இறந்தார்கள். தீவு அப்போது இத்தாலியர் கையில். இடிபாடுகளை அகற்றிய இடத்திலேயே வீடு கட்டாமல், கீழே தோண்டினார்கள். அகோரா என்ற பழைய சந்தைத் திடலும் கோயில்களின் அடித்தளங்களும் வெளிப்பட்டன. முசோலினி அரசுக்கு ரோமப் பெருமை தேவைப்பட்டது, அதனால் இந்த ஆர்வத்தைத் தூய கல்விப்பற்று என்று நான் எழுதமாட்டேன். வீடிழந்தவர்களிடம் யாராவது கேட்டார்களா என்ற கேள்வியும் போகவில்லை. ஆனாலும் அந்த முடிவுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டியிருக்கிறது, ஊரின் நடுவே இவ்வளவு பெரிய வெட்டவெளி வேறெப்படி மிஞ்சியிருக்கும்?

மேற்குப் பகுதி அகழாய்வு இடத்தைத்தான் நான் மிகவும் பரிந்துரைப்பேன். பெரிய கற்கள் பாவிய ரோமானியத் தெரு நேராக ஓடுகிறது. உடற்பயிற்சிக் கூடத்தின் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. காளை வடிவெடுத்த கிரேக்கக் கடவுள் ஜீயஸ், ஐரோப்பா என்ற இளவரசியைத் தூக்கிச் செல்லும் மொசைக் தரை ஒரு வீட்டில் இருக்கிறது. விருந்தினர் காலடியில் இப்படியொரு கடத்தல் காட்சியைப் பதித்த வீட்டுக்காரரின் பெயர் நமக்குத் தெரியாது. அவருடைய ரசனை தெரிகிறது, அது போதும். சாலைக்கு அந்தப் பக்கம் சிறிய இசையரங்கம். அதன் பளிங்குப் படிகளில் உட்கார யாரும் தயங்குவதில்லை.

கோட்டையையும் விட்டுவிடாதீர்கள். அதைக் கட்டியவர்கள் பழைய நகரின் கற்களையே பெயர்த்துக்கொண்டுபோய் வைத்தார்கள், சுவரில் பளிங்குத் துண்டுகள் தெரிகின்றன. இத்தாலியர் ஆவணத்துக்காகத் தோண்டியதை, இவர்கள் கல்லுக்காகத் தோண்டினார்கள். நிலநடுக்கமும் விட்டுவைக்கவில்லை: 2017 ஜூலையில் 6.6 அளவில் மறுபடி வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள், ஒரு மசூதியின் கோபுரம் விழுந்தது.

போகிறவர்களுக்குச் சொல்வது: மரத்துக்கு ஐந்து நிமிடம் போதும், மேற்குப் பகுதிக்கு ஒரு காலை முழுக்க ஒதுக்குங்கள். கோடையில் நிழல் மிகவும் குறைவு. தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.