ஓரமா நிக்கிறவ

ஞாயிற்றுக்கிழமை விழாவில் மேடையில் நடந்ததை இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப்பேருக்கு வீடியோ வந்திருக்கும். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக மனசு அலைந்துகொண்டே இருந்தது. நேற்று ராத்திரி யாரோ அந்த வீடியோவுக்குக் கீழே நாலு சிரிப்பு பொம்மை போட்டு "ஓரமா நிக்கிறவ" என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

பதினெட்டு வயசுப் பெண். கல்லூரி சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி ஒரு ஆட்டம்) அணியில் இடம் கிடைத்திருக்கிறது, பாதி ஃபீஸுக்கு ஸ்காலர்ஷிப்போடு. பொன்னாடை போடக் கூப்பிட்டார்கள். மைக் பிடித்திருந்த பெரியவர் "நீ பந்து போடுறவளாம்மா?" என்று கேட்டார். "இல்ல அங்கிள், அவுட்ஃபீல்டு" என்றாள். மட்டை பிடிப்பவருக்குத் தொலைவில், வேலிப் பக்கம் நின்று பந்தைப் பிடிக்கிற இடம் அது. "ஓ, ஓரமா நிக்கிறவளா! பந்து வந்தா எடுத்துப் போடணும், வரலேன்னா வேடிக்கை பாக்கணும். இதுக்கு ஸ்காலர்ஷிப் வேறயா!" ஹால் முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்தாள். பொன்னாடையைக் கையில் சுருட்டிக்கொண்டே இறங்கினாள்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது ஓரம் இல்லை.

கலிஃபோர்னியாவில், இந்த ஃப்ரெஸ்னோவில் குடியிருந்துகொண்டு அதை ஓரம் என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனசு வருகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இந்த ஊர்க் கல்லூரியில், ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டில், 1994 முதல் 1998 வரை, நடுவில் 1996 தவிர, சென்டர் ஃபீல்டில், அதாவது அவுட்ஃபீல்டின் நடுவில், நின்றவர் லாரா பெர்க். நான்கு சீசனிலும் ஆல் அமெரிக்கன் முதல் அணியில் அவர் பெயர் வந்தது. நாட்டில் இருக்கிற எல்லாக் கல்லூரிகளையும் சல்லடை போட்டு, இந்த இடத்துக்கு இவர்தான் என்று எடுத்துவைப்பது அந்தப் பட்டியல். ஒரு வருஷம் வந்தாலே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்வார்கள். இவர் பெயர் நாலு வருஷமும் வந்தது, அதுவும் நீங்கள் ஓரம் என்று சொல்கிற இடத்தில் நின்று.

ஃப்ரெஸ்னோ ஸ்டேட் அதற்கு முன் 1982, 1988, 1989, 1990 என்று நாலு தடவை தேசிய இறுதி ஆட்டம்வரை போய், நாலு தடவையும் யுசிஎல்ஏ கல்லூரியிடம் தோற்றுத் திரும்பிய அணி. 1998-ல் ஓக்லஹோமா சிட்டியில் அரிசோனா கல்லூரியோடு இறுதி ஆட்டம். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் கோப்பையைக் கொண்டுபோனது அரிசோனாதான். ஸ்கோர் 1-0. ஒரே ஒரு ரன்! நினா லிண்டன்பர்க் வேலியைத் தாண்டி அடித்த ஹோம் ரன், அமாண்டா ஸ்காட்டின் பந்துவீச்சு. இந்த இரண்டையும் எல்லாரும் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஆனால் 1-0 என்றால் என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். எதிராளி அடித்த ஒரு பந்து அவுட்ஃபீல்டில் கைநழுவினால் ஆட்டம் போச்சு. சாஃப்ட்பாலில் ஆட்டத்துக்கு ஏழு இன்னிங்ஸ். அந்த ஏழும் கயிற்றின் மேல் நடக்கிறவர்களில் மூன்று பேர் "ஓரமா" நிற்கிறவர்கள்.

"ஆனா அடிக்கிறவங்களுக்குத்தானே பேரு?" என்று கேட்பவர்களுக்கு: அவுட்ஃபீல்டில் நிற்பவரும் மட்டை பிடிப்பார். பந்தை அடித்துவிட்டு பேஸுக்குப் பத்திரமாக ஓடிச் சேர்ந்தால் அது ஒரு ஹிட். பெர்க் கல்லூரியில் அடித்த ஹிட் 396. அவர் விடைபெறும்போது அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலில் அதற்கு மேல் அடித்தவர் ஒருவர்தான். அவர் அரிசோனாவின் அலிசன் மெக்கட்சன், அவரும் அவுட்ஃபீல்டர்.

இப்போது சிட்னிக்கு வருகிறேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் மனசு அங்கேதான் இருக்கிறது. 2000 ஒலிம்பிக். அமெரிக்க அணி நூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்காமல் வந்து இறங்கியது. வந்த இடத்தில் ஜப்பான், சீனா, ஆஸ்திரேலியா என்று வரிசையாக மூன்று தோல்வி. தட்டுத்தடுமாறித்தான் அரையிறுதிச் சுற்றுக்குள் நுழைந்தார்கள். தோற்ற அதே மூன்று அணிகளை இந்தத் தடவை ஒவ்வொன்றாக ஜெயிக்க வேண்டும். சீனாவை ஜெயித்தார்கள், ஆஸ்திரேலியாவை ஜெயித்தார்கள், கடைசியில் ஜப்பான். மழை பெய்த ராத்திரி. நாலாவது இன்னிங்ஸில் ரெய்கா உட்சுகி ஹோம் ரன் அடித்து ஜப்பானை முன்னுக்குக் கொண்டுபோகிறார். அடுத்த இன்னிங்ஸில் அமெரிக்கா சமன் செய்கிறது. ஏழு இன்னிங்ஸ் முடிந்து எட்டாவதுக்குப் போகிறது ஆட்டம். ரன்னுக்காகக் காத்து பேஸில் நிற்பவர் அமெரிக்காவின் ஜெனிஃபர் மெக்ஃபால்ஸ். அடிக்க வருகிறவர் லாரா பெர்க்.

பந்து லெஃப்ட் ஃபீல்டு பக்கம், அவுட்ஃபீல்டின் இடது புறம், உயர்ந்து போகிறது. அங்கே நிற்பது ஜப்பானின் ஷியோரி கோசெகி. பின்னோக்கி ஓடுகிறார். கையை நீட்டுகிறார். கிளவ்வில் பந்து பட்டுவிட்டது. பட்டது, ஆனால் ஓடிய வேகத்தில் கால் வாரி அவர் மல்லாந்து விழ, பந்து கிளவ்வை விட்டு வெளியே வந்துவிட்டது. மெக்ஃபால்ஸ் ஹோம் பிளேட்டைத் தொட்டார், ரன் வந்தது. 2-1. தங்கம்.

அந்தத் துண்டை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பெர்க்குக்காகத்தான் முதலில் பார்த்தேன். இப்போதெல்லாம் கோசெகியைத்தான் பார்க்கிறேன். பந்து மட்டையில் பட்டதிலிருந்து கிளவ்வுக்கு வர மூன்று எண்ணும் நேரம்கூட ஆகாது. அதற்குள் திரும்ப வேண்டும், முதல் அடியைப் பின்னால் வைக்க வேண்டும், பந்தைக் கண்ணிலிருந்து விடாமல் ஓட வேண்டும், பின்னால் வேலி எங்கே இருக்கிறது என்பது முதுகுக்குத் தெரிய வேண்டும். ஒலிம்பிக் தங்கம் எந்தப் பக்கம் போவது என்று தீர்மானித்தது அந்த ஓரத்தில் நின்ற ஒரு கை. வேடிக்கை பார்க்கிற இடமாம்!

சரி, "பெரியவர் தமாஷுக்குச் சொன்னார், இதைப் போய்ப் பெருசாக்குறீங்களே" என்று இன்பாக்ஸில் மூன்று பேர். அவரோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. நல்ல மனிதர், கோவிட் சமயத்தில் எத்தனையோ வீட்டுக்குச் சமைத்துக் கொடுத்தவர், அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். 2024 டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், கடைசி ஓவர், மில்லர் தூக்கி அடித்த பந்து. சூர்யகுமார் யாதவ் எங்கே நின்றார்? எல்லைக் கயிற்றுக்குப் பக்கத்தில். பந்தைப் பிடித்து, உள்ளே தூக்கிப் போட்டு, கயிற்றைத் தாண்டி, திரும்ப வந்து பிடித்தார். அந்த வீடியோவை அன்றைக்கு எனக்கு ஏழு குழுவில் அனுப்பினீர்கள். இதே ஹாலில் அடுத்த வாரம் கேக் வெட்டினோம். அன்றைக்கு ஒருத்தர்கூட "ஓரமா நிக்கிறவன்" என்று சொல்லவில்லையே. அவர் நின்றால் அது உலகக் கோப்பையைக் காப்பாற்றிய இடம், நம் வீட்டுப் பெண் நின்றால் மேகத்தை எண்ணுகிற இடமா?

இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று என் வீட்டுக்காரரும் கேட்டார். அவரிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். அறுவடை முடிந்த வயலில் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் கிரிக்கெட் ஆடுவார்கள். எனக்குப் பத்து வயசு. ஆட்டத்தில் சேர்த்துக்கொள் என்று கெஞ்சினால் அண்ணன் சொல்வான், "நீ ஓரமா நின்னு பந்தை எடுத்துப் போடு." ஓரம் என்றால் வாய்க்கால் கரை, அதற்கு அந்தப் பக்கம் கருவேல முள். வெறுங்காலோடு நிற்பேன். பந்து வாய்க்காலில் விழுந்தால் இறங்குவது நான், முள்ளில் மாட்டினால் கை விடுவது நான். இரண்டு கோடை விடுமுறை. ஒரு தடவைகூட மட்டை என் கைக்கு வரவில்லை. ஆனால் அங்கே நின்று நின்று எனக்கு ஒன்று பழகிவிட்டது. மட்டையில் பட்ட சத்தத்தை வைத்தே பந்து எங்கே விழும் என்று தெரியும். "டொக்" என்று வந்தால் முன்னால் ஓட வேண்டும், "டப்" என்று திறந்த சத்தம் வந்தால் திரும்பிப் பின்னால் ஓட வேண்டும். ஒருநாள் வாய்க்காலைத் தாண்டிப் போகிற பந்தைக் கரையிலிருந்து எக்கிப் பிடித்துவிட்டேன், ஒற்றைக் கையால். பந்து உள்ளங்கையில் சுரீரென்றது. யாராவது கத்துவார்கள் என்று பார்த்தேன். "ஏய், அவ ஆட்டத்துல இல்லடா, செல்லாது" என்றான் ஒருத்தன். அடித்தவன் தொடர்ந்து ஆடினான்.

முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. இந்த ஊருக்கு வந்து, மகளை ஆறு வயசில் பயிற்சிக்குக் கூட்டிப்போனபோது, அவுட்ஃபீல்டு என்று ஒன்று இருக்கிறது, அதற்குப் பெயர் இருக்கிறது, அதற்கென்று கிளவ் இருக்கிறது, அங்கே பிடித்தால் செல்லும் என்று தெரிந்தது. வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து அழுதேன். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

"படிப்பை விட்டுட்டு விளையாட்டா" என்பவர்களுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டுமா? அவள் கல்லூரிக்குத்தான் போகிறாள் ஐயா.

வேறொரு கேள்வி நியாயமானது, அதை ஒத்துக்கொள்கிறேன். "இதுல சம்பாத்தியம் உண்டா, எதிர்காலம் உண்டா?" என்று அவளுடைய அம்மாவே என்னிடம் கேட்டிருக்கிறார். கோடி கோடியாக இல்லை. சாஃப்ட்பாலை ஒலிம்பிக்கில் 1996-ல் சேர்த்தார்கள், 2008-க்குப் பிறகு எடுத்துவிட்டார்கள், டோக்கியோவுக்குத் திரும்பக் கொண்டுவந்து பாரிஸில் மறுபடி விட்டார்கள். அந்த விளையாட்டை நம்பி நின்ற பெண்களை இப்படித்தான் நடத்தினார்கள். பெர்க் அதில் இருந்த ஒவ்வொரு வாசலிலும் நுழைந்தவர். 1996, 2000, 2004 மூன்றிலும் தங்கம், 2008-ல் பெய்ஜிங்கில் ஜப்பானிடம் 3-1 என்று தோற்று வெள்ளி. அந்த நான்கிலும் பதக்கம் வாங்கிய அமெரிக்கப் பெண் அவர் ஒருவர்தான். 2004-ல் ஆதென்ஸில் ஒன்பது ஆட்டத்தில் எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது ஒரே ஒரு ரன். ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு ரன் என்றால் பந்து போடுகிற பிச்சர் மட்டுமா காரணம்? இப்போது பெர்க் ஓரிகன் ஸ்டேட் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர். 2022-ல் தன் பெண்களைக் கல்லூரி உலகத் தொடருக்குக் கூட்டிப்போனார், மறுபடி அதே ஓக்லஹோமா சிட்டிக்கு. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் சாஃப்ட்பாலும் அங்கேதான் நடக்கப்போகிறது. எதிர்காலம் என்று நான் சொல்வது இதைத்தான். இது போதாது என்றால் என்னிடம் வேறு பதில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேஸ்பாலில் 1957-லிருந்து ராலிங்ஸ் கோல்டு கிளவ் என்ற விருது கொடுக்கிறார்கள், பிரமாதமாக ஃபீல்டிங் செய்பவருக்கு. அறுபது வருஷம் நெருங்கியும் அது ஒரு பெண் கைக்கு வரவில்லை. 2016-ல் முதல்முறையாக வாங்கிய பெண் சாஃப்ட்பால் ஆடும் ஏ.ஜே. ஆண்ட்ரூஸ். எல்எஸ்யூ கல்லூரியில் ஆடியவர். அவர் நின்ற இடமும் அவுட்ஃபீல்டுதான்.

எழுத எழுத எனக்குக் கோபம் தணியும் என்று நினைத்தேன், தணியவில்லை. ஏனென்றால் அன்றைக்கு நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவும் எனக்குத் தெரியும். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விழா கெட்டுவிடும், பெரியவர் மனசு நோகும் என்று இருந்துவிட்டேன். அவள் மனசு நோகும் என்பது அப்போது எனக்கு இரண்டாவதாகப் பட்டிருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் என்னவோ செய்கிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வழக்கம்போல எங்கள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தாள். என் மகளை வேலிப் பக்கம் நிறுத்தி, வெயில் கண்ணில் அடித்தால் கிளவ்வால் சூரியனை மறைத்து அதன் ஓரத்தில் பந்தைத் தேடுவது எப்படி என்று காட்டினாள். பத்துப் பன்னிரண்டு பந்து உயரமாக அடித்துப் போட்டாள். "என்னுது, என்னுதுன்னு கத்து, நீ சென்டர், நீ கத்தினா மத்தவங்க விலகணும்" என்றாள். போகும்போது என்னிடம் வந்து, "ஆன்ட்டி, அந்த வீடியோ இன்னும் குரூப்ல இருக்கா?" என்று கேட்டாள். அழவில்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டதுபோலத்தான் கேட்டாள்.

இருக்கிறது. குறைந்தது மூன்று குழுக்களில் இருக்கிறது. அவளுடைய தங்கையும் அதில் ஒரு குழுவில் இருக்கிறாள். போட்டவர்கள் இதைப் படித்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கீழே சிரிப்பு பொம்மை போட்டவர்களும் அதை நீக்கிவிடுங்கள். வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் பார்க்கில் பயிற்சி ஆட்டம் இருக்கிறது, அவள் சென்டரில் நிற்கிறாள். பெரியவருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.